நான் வாங்கிய பாட்டை நானே படியெடுத்துக்கொள்ளலாமா?

சென்ற மாதம் வீட்டை ஒழித்தபோது, பரண்மேல் இருந்த அட்டைப் பெட்டியில் நாற்பது, ஐம்பது கேசட்டுகளும் அவற்றைவிடச் சற்றுக் குறைவாகக் குறுந்தகடுகளும் அகப்பட்டன. கேசட்டுகளில் பாதி, நிறுவனங்கள் வெளியிட்டவை. மீதி, தாளில் பாட்டுப் பட்டியல் எழுதிக் கொடுத்து ரெக்கார்டிங் கடையில் பதிந்து வாங்கியவை. பதிந்ததை வேறு யாரும் அழித்துவிடக் கூடாதென்று கேசட்டின் முதுகிலுள்ள பிளாஸ்டிக் பல்லைப் பேனா முனையால் உடைத்துவிடுவோம். பிறகு நமக்கே மேலெழுதும் ஆசை வந்தால் அந்தக் குழியின்மீது செல்லோடேப் ஒட்டுவோம். ஒட்டிய டேப் பழுப்பேறி அப்படியே இருக்கிறது.

நாடாக்கள் பூஞ்சை பிடித்துவிட்டதால் குறுந்தகடுகளையாவது காப்பாற்றலாமென்று ஒவ்வொன்றாகக் கணினிக்கு மாற்றத் தொடங்கினேன். அப்போதுதான் தகட்டின் விளிம்பைச் சுற்றிப் பொடி எழுத்தில் ஓடும் எச்சரிக்கை கண்ணில் பட்டது: அனுமதியின்றிப் படியெடுப்பது, வாடகைக்கு விடுவது, பொதுவில் ஒலிக்கச் செய்வது தடை செய்யப்பட்டுள்ளது. விலை கொடுத்து வாங்கிய தகட்டை என் வீட்டிலேயே, என் காதுக்காக மட்டும் படியெடுக்கும் நான் சட்டத்தை மீறுகிறேனா என்ற கேள்வி அங்கிருந்து தொற்றிக்கொண்டது.

இங்கே பேசுவது பதிப்புரிமை. செய்தித்தாள்கள் இதையும் கண்டுபிடிப்புகளுக்கான காப்புரிமையையும் ஒன்றாகவே எழுதிப் பழகிவிட்டன. நம் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் பார்வையில் ஒரு பாட்டு ஒரு பொருளன்று. பாடல் வரிகள் இலக்கியப் படைப்பு, மெட்டு இசைப் படைப்பு, இவற்றைப் பாட வைத்துப் பதிந்த ஒலிப்பதிவு மூன்றாவது. மூன்றுக்கும் உரிமையாளர்கள் தனித்தனியாக இருக்கலாம். சொந்தப் பயனுக்கான நியாயமான கையாளலை மீறலாகக் கருதக் கூடாதென்று சொல்லும் 52ஆம் பிரிவு, 2012 வரை இலக்கிய, நாடக, இசை, கலைப் படைப்புகளைத்தான் குறிப்பிட்டது; ஒலிப்பதிவு அந்தப் பட்டியலில் இல்லை. அதாவது, வீட்டில் கேசட்டுக்குக் கேசட் பாட்டுப் பதிந்தவர், கவிஞரிடமும் இசையமைப்பாளரிடமும் அந்த விலக்கைக் காட்டியிருக்கலாம். ஒலிப்பதிவின் உரிமையாளரிடம் காட்ட அவருக்கு எதுவும் இல்லை. ஒரே நாடா, ஒரே பாட்டு, பாதி நியாயம், பாதி மீறல்!

2012 ஜூன் மாதம் நடைமுறைக்கு வந்த திருத்தம் இதை மாற்றியது. கணினி நிரல் தவிர்த்த எந்தப் படைப்பாயினும் தனிப்பட்ட அல்லது சொந்தப் பயனுக்காக நியாயமாகக் கையாளலாம் என்று வாசகம் விரிந்தது. அந்நோக்கங்களுக்காக மின்னணு ஊடகத்தில் சேமிப்பது மீறலாகாது என்ற விளக்கமும் சேர்ந்தது. எனவே என் கணினிக்குள் போன பாட்டுகளால் எனக்குச் சிக்கல் வராது என்றே நான் படிக்கிறேன். ஆனால் "நியாயமான" என்ற சொல் எவ்வளவு தூரம் நீளும் என்பதைச் சட்டம் நீதிமன்றத்திடம் விட்டுவிட்டது. மென்பொருளுக்கோ இந்தத் தயக்கம் இல்லை. முறையாகப் பெற்ற பிரதியிலிருந்து வணிக நோக்கமற்ற சொந்தப் பயனுக்குப் படியெடுக்கலாமென்று அதே 52ஆம் பிரிவில் 1999லேயே பளிச்சென்று எழுதிவிட்டார்கள். மென்பொருளுக்குக் கிடைத்த தெளிவான ஒரு வரி பாட்டுக்கு ஏன் கிடைக்கவில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

இதை வைத்து ரெக்கார்டிங் கடைகளுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. காசு வாங்கிக்கொண்டு ஊருக்கே பதிந்து கொடுத்தது வியாபாரம். எவ்வளவு பிரியமான நினைவானாலும் அதற்குச் சொந்தப் பயன் என்ற பெயர் பொருந்தாது. மேலும், பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் ராயல்டியில் தமக்குரிய பங்கை எழுதிக் கொடுத்து இழந்துவிடாதபடி காப்பு ஏற்படுத்தியதும் இதே 2012 திருத்தம்தான். படைத்தவருக்கும் கேட்பவருக்கும் ஒரே நேரத்தில் இடம் கொடுத்த அதன் நோக்கத்தை நான் மதிக்கிறேன்.

பிற நாடுகளின் கதை வேறு. ஜெர்மனி 1965லேயே வீட்டில் படியெடுப்பதை அனுமதித்து, அதற்கு ஈடாக ஒலிப்பதிவுக் கருவிகளின்மீது ஒரு கட்டணம் விதித்துப் படைப்பாளிகளுக்குப் பிரித்துக் கொடுத்தது. பிரிட்டன் 2014 அக்டோபரில்தான், சொந்தத் தகட்டைச் சொந்தக் கருவிக்கு மாற்றிக்கொள்ள அனுமதித்தது. ஈட்டுத்தொகை எதுவும் வைக்கவில்லை. இசைக் கலைஞர்களின் அமைப்புகள் வழக்குத் தொடர, இழப்பு மிகச் சொற்பமே என்ற அரசின் முடிவுக்குப் போதிய ஆதாரம் இல்லையென்று 2015 ஜூலையில் உயர் நீதிமன்றம் அந்த விதியை ரத்து செய்தது. ஓராண்டுகூட நிற்காத உரிமை! நம் நாட்டில் இத்தகைய கட்டணம் இல்லை, வேண்டுமென்றும் எனக்குத் தோன்றவில்லை. கைப்பேசி வாங்கும் ஒவ்வொருவரிடமும், பாட்டே கேட்காதவரிடமும்கூட, வசூலித்த பணம் கடைசியில் யார் கைக்குப் போய்ச் சேரும் என்பதில் எனக்கு நம்பிக்கை குறைவு.

இதைவிடப் பெரிய வேடிக்கை, உரிமை வந்து சேர்ந்த நேரம். சட்டம் ஒலிப்பதிவுக்கு வாசலைத் திறந்த சில ஆண்டுகளிலேயே தகடுகள் கடைகளிலிருந்து மறையத் தொடங்கிவிட்டன. இப்போது மாதச் சந்தா கட்டிச் செயலியில் கேட்கிறோம். நாம் வாங்குவது பாட்டையன்று, சந்தா உள்ளவரை கேட்கும் அனுமதியை. தரவிறக்கிய கோப்பும் அந்தச் செயலிக்குள் மட்டுமே திறக்கும். சொந்தப் பட்டியலில் நான் சேர்த்து வைத்திருந்த பாட்டொன்று, ஒரு நாள் காலையில் பெயர் மட்டும் சாம்பல் நிறத்தில் மங்கி, தொட்டால் அசையாமல் கிடந்தது. உரிம ஒப்பந்தம் முடிந்திருக்கலாம், காரணம் சொல்வார் இல்லை. கோப்பை இப்படி அடைத்து வைக்கும் மின்னணுப் பூட்டை உடைப்பதைத் தண்டிக்கும், அதே பதிப்புரிமைச் சட்டத்தின் 65அ பிரிவு, சட்டம் தடுக்காத காரியத்துக்காக அதைத் தாண்டுவோரை விட்டுவிடுகிறது என்பது உண்மை. ஆனால் பிறருக்கு அதைச் செய்து கொடுப்பவர், உதவி பெற்றவரின் பெயர், முகவரி, நோக்கம் அனைத்தையும் பதிந்து வைக்க வேண்டுமாம். எந்தக் கணினிக் கடைக்காரர் அப்படியொரு பேரேடு வைத்திருக்கிறார்?

அண்ணன் மகன் வந்திருந்தபோது, "எனக்கும் போட்டுக் குடுங்க சித்தப்பா" என்று பென் டிரைவை நீட்டினான். ஒரே குடும்பம்தான், ஆனால் தனி வீடு, தனிச் செவி. அது சொந்தப் பயனுக்குள் வருமா என்பதற்குச் சட்டத்தில் நேர்விடை இல்லை. தகடுகளையே எடுத்துப் போகச் சொன்னேன். அவனிடம் அதைப் போட்டுக் கேட்கக் கருவி இல்லை. அசல் தகடு அவனிடம் போய்விட்டால் என் கணினியிலுள்ள படியை அழித்துவிட வேண்டுமா என்ற அடுத்த கேள்வியோடு பெட்டி இன்னும் கூடத்திலேயே இருக்கிறது.