மேட்டூரில் பாசனம் முதலில், கரண்ட் அப்புறம்

கோடையில் கரண்ட் போனால் போதும், "மேட்டூரில் அவ்வளவு தண்ணீர் கிடக்கிறதே, திறந்துவிட்டு மின்சாரம் எடுக்க வேண்டியதுதானே?" என்று யாராவது கிளம்பிவிடுவார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். நான் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரன், எனக்கு வயிற்றில் புளியைக் கரைக்கும்.

1934-இல் திறந்த அணை. 120 அடி நிரம்பினால் 93.47 டிஎம்சி தண்ணீர் (ஒரு டிஎம்சி என்பது நூறு கோடி கன அடி). அணை மின்நிலையம் 50 மெகாவாட், சுரங்க மின்நிலையம் 200 மெகாவாட். (பக்கத்தில் நிலக்கரியில் ஓடும் அனல் மின்நிலையம் 1,440. கரண்டுக்கு மேட்டூர் உண்மையில் எதை நம்பியிருக்கிறது என்பது இதிலேயே தெரியும்.) அணையின் அந்த 250 மெகாவாட்டும் தண்ணீர் வெளியே போகும்போது மட்டும்தான் கிடைக்கும். டெல்டாவுக்கு ஜூன் 12-இல் திறந்து ஜனவரி 28-இல் மூடுவது வழக்கம். அந்த மாதங்களில் விசையாழி நன்றாக ஓடும். மூடிய பிறகு குடிநீருக்கு விடுகிற அளவில்தான் பிழைப்பு. அதாவது விவசாயிக்குப் போகிற தண்ணீர் போகிற வழியில் கரண்டும் கொடுத்துவிட்டுப் போகிறது. கீழே செக்கானூர், நெரிஞ்சிப்பேட்டை, குதிரைக்கல்மேடு, ஊராட்சிக்கோட்டை என்று கதவணைக்குக் கதவணை (ஆற்றின் குறுக்கே கதவுகள் வைத்துக் கட்டிய சிறு அணை) அதே தண்ணீரில் 30 மெகாவாட் மின்நிலையங்கள். இதைவிட நல்ல ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை.

இந்த வரிசையை மாற்றினால் என்ன ஆகும்? ஏப்ரலில் கரண்டுக்காகத் திறந்த தண்ணீர் ஜூனில் குறுவை நெல்லுக்கு இருக்காது. 2023-இல் ஜூன் 12-க்கே திறந்தார்கள். மழை ஏமாற்றியது, கர்நாடகத்திலிருந்தும் வரவேண்டியது வரவில்லை, அக்டோபரில் மூட வேண்டியதாயிற்று. கடைமடையில் பயிர் காய்ந்தது. அடுத்த ஆண்டு ஜூலை 28 வரை திறக்கவே முடியவில்லை. கையிருப்பு அவ்வளவு நிச்சயமில்லாத அணை இது. மழை கொட்டி, திறந்த இரண்டே நாளில் அணை நிரம்பியதும் அதே 2024-இல்தான், அது வேறு கதை.

"சரி, பாசனத்துக்குத் திறக்கும் தண்ணீரையே பகலில் குறைத்து மாலையில் கூட்டி விடலாமே, சோலார் இல்லாத நேரத்துக்கு ஆகும்" என்று படித்தவர்கள் சொல்கிறார்கள். கதவணைகளில் கொஞ்சம் பிடித்துவைத்து ஓட்டினால் எனக்கு ஆட்சேபணை இல்லை. கல்லணைக்குக் கீழே மட்டும் அந்த ஏற்ற இறக்கம் வரக்கூடாது. வாய்க்காலில் தண்ணீர் ஒரே மட்டத்தில் நின்றால்தான் மதகு வழியாக வயலுக்கு ஏறும். மேல்மடைக்காரர் எப்படியும் எடுத்துவிடுவார், கடைமடையில் இருக்கும் வேதாரண்யம் பக்கத்துக்காரர்தான் வானத்தைப் பார்ப்பார்.

மாலை நேரக் கரண்டுக்கு வழி மலையில் இருக்கிறது. கோவை மாவட்டத்துக் காடம்பாறையில் இரவில் தண்ணீரை மேலே ஏற்றி, தேவைப்படும்போது இறக்கும் 400 மெகாவாட் நிலையம் எப்போதோ கட்டியாகிவிட்டது. நீலகிரியில் குந்தாவில் அதே மாதிரி 500 மெகாவாட் வேலை இழுத்துக்கொண்டே கிடக்கிறது. ஒரே தண்ணீரைத் திரும்பத் திரும்ப ஏற்றி இறக்கலாம், எந்த வயலுக்கும் நட்டமில்லை. மேட்டூரை நோண்டுவதற்கு முன்னால் குந்தா வேலை ஏன் இன்னும் முடியவில்லை என்று கேளுங்கள்.