அந்த வீடியோவில் நிற்கிற வெள்ளை வண்டி என்னுடையதுதான்

ஆமாம். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து குரூப் குரூப்பாகச் சுற்றிக்கொண்டிருக்கும் வீடியோவில், ஏற்காடு மலைப்பாதையில் கொண்டை ஊசி வளைவுக்கு மேலே நிற்கிற அந்த வெள்ளை வண்டி என்னுடையதுதான். ஓட்டினதும் நான்தான். நடு ரோட்டில் ஏன் நிற்கிறாய், ஓட்டத் தெரியாதா என்று கண்ணாடியைத் தட்டி அந்த அண்ணன் என்ன வார்த்தையெல்லாம் சொன்னார் என்பது எல்லோருக்கும் கேட்டிருக்கும், அதைத் திரும்ப எழுதக் கை வரவில்லை. அவரை எனக்குத் தெரியாது, விட்டுவிடலாம். ஆனால் என்னைத் தெரிந்தவர்கள், எங்கள் வீட்டில் சாப்பிட்டவர்கள், "பந்தாவுக்குப் பெரிய வண்டி வாங்கினா இப்படித்தான்" என்று எழுதினீர்களே, அதற்குத்தான் இந்தப் பதிவு.

முதலில் ஏன் நின்றேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். கீழேயிருந்து அரசு பஸ் ஏறி வந்துகொண்டிருந்தது. அந்த வளைவில் பஸ் திரும்ப வேண்டுமென்றால் மொத்த ரோடும் வேண்டும். மலைப்பாதையில் அகலம் போதாத இடத்தில் ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழிவிட வேண்டும், இது 2017-ல் வந்த மோட்டார் வாகன ஓட்டுதல் விதிகளிலேயே இருக்கிறது. விதி வருவதற்கு ரொம்ப நாள் முன்பே எங்கள் அப்பா எனக்குச் சொல்லிக் கொடுத்தது அது. அப்பா காபி எஸ்டேட்டில் ஜீப் ஓட்டினவர். "ஏறின கியர்லயே இறங்கு, ஏறி வர்றவனுக்கு நில்லு", இந்த இரண்டும்தான் அவர் பாடம். 20 வளைவுக்கும் அதுதான். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அடிவாரத்துக்குக் கிட்டே வந்து கண்ணாடியை இறக்கிப் பாருங்கள், பிரேக் கருகின நாற்றம் மூக்கில் ஏறும். அவ்வளவு உயரத்தையும் பிரேக்கிலேயே இறங்குகிறவர்களின் வண்டி நாற்றம் அது. நான் இரண்டாவது கியரில் இறங்குகிறேன், நிற்க வேண்டிய இடத்தில் நிற்கிறேன். இது ஓட்டத் தெரியாததா?

சரி, வண்டிக்கு வருகிறேன். நான் இதை வாங்கினது அம்மாவின் முழங்காலுக்காக. வேறு எதற்காகவும் இல்லை.

அம்மா மலைமேல் நாகலூர் பக்கம் தனியாக இருக்கிறார். கீழே வந்து எங்களோடு இருங்கள் என்றால் வரமாட்டார், அந்த மிளகுக்கொடியும் நாலு காபிச் செடியும்தான் அவர் உலகம். மாதம் இரண்டு முறையாவது எலும்பு டாக்டரிடம் காட்டச் சேலத்துக்குக் கூட்டி வர வேண்டும். பழைய சின்னக் காரில் அவர் ஏறுவதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். முதலில் முதுகைக் காட்டி, கதவைப் பிடித்துக்கொண்டு, அப்படியே பள்ளத்தில் விழுகிற மாதிரி சீட்டில் உட்காருவார். அப்புறம் ஒவ்வொரு காலாக இரண்டு கையாலும் சேலையோடு சேர்த்துத் தூக்கி உள்ளே வைப்பார். இறங்கும்போது நான் சுற்றி வந்து இரண்டு கையையும் பிடித்து இழுக்க வேண்டும். ஒருமுறை ஆஸ்பத்திரி வாசலில் அப்படி இழுக்கும்போது அவர் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். அன்றைக்குத்தான் முடிவு செய்தேன்.

2024-ல் வாங்கப் போனபோது அம்மாவையும் ஷோரூமுக்குக் கூட்டிப் போனேன். அந்த சேல்ஸ் தம்பி சன்ரூஃப், பெரிய ஸ்கிரீன் என்று சொல்லிக்கொண்டே வந்தார். அம்மா எதையும் கேட்கவில்லை. ஒவ்வொரு வண்டியிலும் உட்கார்ந்தார், எழுந்தார், அவ்வளவுதான். பெரிய ஏழு சீட்டு வண்டியில் படியில் கால் வைத்து ஏற வேண்டியிருந்தது, முடியவில்லை. நடுத்தர வண்டியில் திரும்பி நின்றார், சீட்டு சரியாக இடுப்புக்குக் கிட்டே இருந்தது, குனியவும் இல்லை ஏறவும் இல்லை. "இது நம்ம வீட்டுத் திண்ணை மாதிரி இருக்கு கண்ணு" என்றார். அந்த ஒரு வார்த்தைக்குத்தான் நான் ஐந்து வருடக் கடன் கட்டுகிறேன். பந்தாவுக்கு இல்லை.

"சேலத்துக்குள்ள எதுக்கு இவ்ளோ பெரிய வண்டி" என்று கேட்பவர்களுக்கு: 4.3 மீட்டர் நீளம். உங்கள் சின்னக் கார் 4 மீட்டருக்குக் கொஞ்சம் கம்மி. ஒரு முழம்கூட வித்தியாசம் இல்லாததற்கு ஏன் இவ்வளவு பேச்சு? செவ்வாய்ப்பேட்டைச் சந்துகளில் கஷ்டம்தான், ஒத்துக்கொள்கிறேன், அங்கே போக ஸ்கூட்டர் வைத்திருக்கிறேன். மழைக்காலத்தில் அம்மா வீட்டு மண்ரோட்டில் பழைய கார் அடியில் கல் இடிக்கிற சத்தம் கேட்டால் வயிற்றைப் பிசையும். இந்த வண்டியில் அந்தச் சத்தத்தை ஒருநாளும் கேட்டதில்லை.

"காசு கொழுப்பு" என்று எழுதினவருக்கு: நான் வாங்கினபோது வண்டி விலையில் 28 சதவீதம் ஜிஎஸ்டி, அதன்மேல் 17 சதவீதம் செஸ் என்கிற கூடுதல் வரி. 2025 செப்டம்பர் 22-க்கு அப்புறம் வாங்கினவர்களுக்கு மொத்தம் 40 ஆகிவிட்டது, எனக்கு 45. அதற்கு மேல் மாநில ஆயுள்கால வரி, 10 லட்சத்துக்கு மேல் 20 லட்சம் வரை 18 சதவீதம். எல்லாம் என் சம்பளத்தில் கட்டினது. நகையை வைத்துத்தான் முன்பணம் கட்டினேன், அந்த நகையை இன்னும் மீட்கவில்லை.

வண்டியில் குறையே இல்லை என்று நான் சொல்லவில்லை. டீசல் எடுத்ததுதான் என் தப்பு. 2020-ல் பிஎஸ்6 என்கிற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்ததிலிருந்து டீசல் கார்களில் டிபிஎஃப் என்று ஒரு புகை வடிகட்டி இருக்கிறது. எனக்கு ஆபீஸ் 4 கிலோமீட்டர்தான். இன்ஜின் சூடாவதற்குள் போய்ச் சேர்ந்துவிடுவேன், கரி எரியாமல் வடிகட்டியிலேயே தங்கி மூன்றாவது மாதமே மஞ்சள் விளக்கு எரிந்தது. தினமும் எவ்வளவு தூரம் ஓட்டுவீர்கள் என்று விற்கும்போது ஒருவர்கூடக் கேட்கவில்லை, சர்வீஸில் மட்டும் பில் போட்டார்கள். இப்போது வாரம் ஒருமுறை மலை ஏறுகிறேன், இரண்டாவது மூன்றாவது கியரில் ஏறும்போது அந்தக் கரி எரிந்துவிடுகிறது போல, அப்புறம் விளக்கு வரவில்லை. ஊருக்குள்ளேயே ஓட்டுகிறவர்கள் பெட்ரோலே வாங்குங்கள், இதைப் பட்டுத் தெரிந்துகொண்டு சொல்கிறேன்.

மலையில் வண்டி அதிகமாகிவிட்டது என்று ஒருவர் எழுதியிருந்தார், அது நியாயம். மே மாதம் மலர்க் கண்காட்சி நாட்களில் ஏரியைத் தாண்டவே ஒரு மணி நேரம் ஆகிறது. ஆனால் அந்தக் கணக்கில் என்னைச் சேர்க்காதீர்கள். நான் ஏரி பார்க்கப் போகவில்லை, பெற்றவளைப் பார்க்கப் போகிறேன். மலையில் பிறந்தவர்கள் மலைக்குப் போவதற்கே காரணம் சொல்ல வேண்டிய நிலைமை வந்துவிட்டது.

இவ்வளவையும் எழுதியிருக்கவே மாட்டேன். யார் வேண்டுமானாலும் என்னைப் பேசட்டும் என்று ஞாயிறு, திங்கள் இரண்டு நாளும் பேசாமல்தான் இருந்தேன். நேற்று ராத்திரி அம்மா போன் செய்தார். பக்கத்து வீட்டுப் பையன் அந்த வீடியோவைக் காட்டியிருக்கிறான். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை, அப்புறம், "என்னாலதானே கண்ணு உனக்கு இந்தப் பேச்சு, இனிமே நான் பஸ்ஸுலயே வந்துக்கறேன்" என்றார். பஸ் படி எவ்வளவு உயரம் என்று உங்களில் யாருக்காவது தெரியுமா? அவர் முழங்காலுக்கு மேலே வரும்.

வியாழக்கிழமை டாக்டர் வரச் சொல்லியிருக்கிறார். விடிகாலை 5 மணிக்கு மேலே போய் அம்மாவைக் கூட்டி வருகிறேன். இறங்கும்போது எதிரே பஸ் ஏறி வந்தால் அதே இடத்தில்தான் நிற்பேன்.