பெட்ரோல் வரி கார்க்காரருக்கு மட்டுமா?

"பெட்ரோல் வரி கார் வைத்திருப்பவர்களைத்தான் பாதிக்கும், ஏழைகள் கட்டுப்பாடாகச் செலவு செய்தால் போதும்" என்று ஒருவர் எழுதியிருப்பது தவறு. மத்திய கலால் வரி லிட்டருக்கு இத்தனை ரூபாய் என்றுதான் விதிக்கப்படுகிறது, வாங்குபவரின் வருமானத்தைப் பார்த்து அல்ல. கார்க்காரர் மொத்தத்தில் அதிகம் கட்டுகிறார், சரி. ஆனால் ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டைக்கு டிவிஎஸ் எக்ஸ்எல் மொபெட்டில் போகும் ஒப்பந்தத் தொழிலாளிக்கு அது சம்பளத்தில் எவ்வளவு பெரிய பங்கு! வண்டியே இல்லாதவரும் தப்ப முடியாது. பாலக்கோட்டுத் தக்காளி வெளியூர் போவது டீசல் வண்டியில்தான், டீசலுக்கும் இதேபோல் வரி உண்டு. 2017இல் ஜிஎஸ்டி வந்தபோதும் டீசல் அதற்குள் வரவில்லை. அதனால் டீசலுக்குக் கட்டிய வரியை லாரிக்காரர் ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ள முடியாது, வாடகையில்தான் ஏற்றுவார். நூறு ரூபாய்க்கு மட்டும் பெட்ரோல் போட்டு ஷிப்டுக்கு ஓடுகிறவர் ஏற்கெனவே எண்ணி எண்ணித்தான் செலவு செய்கிறார். அவருக்குக் கட்டுப்பாடு இல்லை என்பது பெரிய அநியாயம்.