எங்கள் ஊரில் பவளப்பாறை இல்லை

எங்கள் வீட்டுக் கண்ணாடி அலமாரியில், தலையாட்டி பொம்மைக்குப் பக்கத்தில், வெள்ளையாக ஒரு கல்பூ இருக்கிறது. தொண்ணூறுகளில் ராமேஸ்வரம் போனபோது சங்கோடு சேர்த்து அப்பா வாங்கியது. போன வாரம் அக்கா மகள் கேட்டாள், "மாமா, இது கல்லா, செடியா?" இரண்டும் இல்லை, செத்துப்போன உயிரின் எலும்பு என்றேன். அப்புறம் அவள் அதைத் தொடவே இல்லை.

2001 முதல் இந்தக் கல் பவளம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது, புலியோடு. (செவ்வாய்க்குப் போடும் மோதிரப் பவளம் வேறு, அது மத்தியதரைக் கடல் சரக்கு.) அதற்கு முன் சுண்ணாம்புக்காக வெட்டி வெட்டியே மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் பூவரசன்பட்டியும் விலங்குசல்லியும் கடலுக்குள் போய்விட்டன.

நலமாக உயிரோடு இருக்கும் பவளம் வெள்ளையாக இருக்காது. அதன் சதைக்குள் குடியிருக்கும் நுண்பாசிதான் நிறமும் கொடுக்கிறது, சோறும் போடுகிறது. கோடையில் தண்ணீர் அளவு மீறிச் சுட்டால் பவளம் பாசியை வெளியே தள்ளிவிடும். பிறகு பட்டினிதான். 2010லும் 2016லும் மன்னார் வளைகுடாவில் அப்படித்தான் வெளுத்தது.

"அது ராமநாதபுரத்துக்காரர் கவலை" என்று டெல்டாவில் சொல்வோம். நம் கரையில் பவளம் இல்லை என்பது உண்மைதான். அதற்குத் தெளிந்த உப்புநீர் வேண்டும். காவிரி கொண்டுவருவதோ வண்டலும் நன்னீரும். நமக்கு நெல் கொடுத்த வண்டலே பவளத்துக்கு எமன். அந்த வண்டலைக் கரையிலேயே பிடித்துவைப்பது முத்துப்பேட்டை அலையாத்தியும், அதிராம்பட்டினம், மனோரா பக்கத்துக் கடல்தாழையும் (கடலடியில் வளரும் புல்). ஓராவும் விளைமீனும் குஞ்சாக இருக்கையில் ஒளிந்து வளர்வது தாழைக்குள். பெரிதானதும் பாருக்கு, அதாவது பவளப்பாறைக்குப் போகும். ஆவுளியா என்கிற கடற்பசு மேய்வதும் அதே தாழையைத்தான். 2022ல் தஞ்சாவூர், புதுக்கோட்டை கடலில் 448 சதுர கிலோமீட்டரைக் கடற்பசுக் காப்பகமாக அறிவித்தார்கள்.

சரி, அந்தத் தாழையை உழுது போடுவது யார்? விசைப்படகு கடலடியில் இழுத்துப்போகும் வலை, இழுவைமடிதான். இதை எழுதினால் சொந்தத்திலேயே இரண்டு பேர் பேச்சை நிறுத்துவார்கள், பரவாயில்லை. ஏப்ரல் 15 முதல் 61 நாள் தடைக்காலம் மீனுக்கு நல்லது. ஆனால் மீதி நாளில் மடி அடியைச் சுரண்டினால் தாழை எப்போது தலைதூக்கும்? மன்னார் வளைகுடாவின் வான் தீவைச் சுற்றி சிமெண்ட் பார் இறக்கினார்கள், தீவு கரையாமல் இருக்க அது தேவைதான். மடியை நிறுத்தாமல் சிமெண்ட் மட்டும் இறக்குவது, ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுகிற வேலை.

படகுக்காரரை மட்டும் திட்டுவதும் நியாயமில்லை. பாக் விரிகுடா விசைப்படகுகளை ஆழ்கடலுக்கு மாற்றும் திட்டம் 2017ல் வந்தது. மூன்று வருடத்தில் 2000 படகு என்றார்கள். அதன் கிட்டேகூடப் போகவில்லை. அப்போது ஒரு படகு 80 லட்சம். மானியம் போகவும் கடன் மிஞ்சியது. ஒரே நாளில் கரை திரும்பிப் பழகியவரை நாள்கணக்கில் கடலில் இரு என்றால், டீசலும் ஐஸும் யார் கணக்கில்? எனக்குத் தெரிந்த ஒருவர் மனுவைப் பாதியில் விட்டுவிட்டு அதே மடியைத் தைத்துக்கொண்டிருக்கிறார்.

மல்லிப்பட்டினம், சேதுபாவாசத்திரம் பக்கம் ஆழ்கடல் படகு எடுத்தவர் யாராவது இருந்தால் உண்மையான வரவு செலவை எழுதுங்கள். அந்த மடி தைப்பவரிடம் காட்ட வேண்டும்.