காசோலையை மின்னணுப் பற்றாக மாற்றுவது குறித்து ஒரு திருத்தம்

அமெரிக்காவில் கடைக்காரர் காசோலையை மின்னணுப் பற்றாக மாற்றிவிட்டால் வாடிக்கையாளர் முறையிடவே முடியாது என்று சொல்லப்படுவது தவறு. காசோலையின் அடியில் அச்சிட்டுள்ள வங்கி எண்ணையும் கணக்கு எண்ணையும் இயந்திரத்தில் படித்து, வங்கிகளுக்கிடையே மின்னணு முறையில் பணம் மாற்றும் ஏசிஎச் வலையமைப்பின் வழியே ஒரே ஒருமுறை பணம் எடுக்கும் இந்த முறைக்கு, தனிநபர் கணக்குகளைப் பொறுத்தவரை, மின்னணு நிதி மாற்றச் சட்டம் முழுமையாகப் பொருந்தும், கடைக்காரர் முன்னறிவிப்பு தருவதும் கட்டாயம். அனுமதியற்ற பற்று தென்பட்டால், அது இடம்பெற்ற கணக்கறிக்கை அனுப்பப்பட்ட 60 நாட்களுக்குள் வங்கியிடம் முறையிடலாம்.

மூலக் காசோலைக்குப் பதிலாக அதன் படத்தை அச்சிட்டு அனுப்பும் மாற்றுக் காசோலையோ வேறு. அது 2004 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த 'செக் 21' சட்டத்தின் கீழ் வருவது. இரண்டையும் ஒன்றெனக் கொண்டதால் நேர்ந்த குழப்பம் என்றே கருதுகிறேன். உண்மையில் கவனிக்க வேண்டியது வேகத்தைத்தான்: பற்று அன்றைக்கே விழக்கூடும் என்பதால், சம்பளம் வந்துவிடும் என்று நம்பி முன்கூட்டியே காசோலை எழுதுவது ஆபத்து.