மேய்க்கால் நிலம் உங்கள் கண்ணுக்குக் காலி மனையா?

எங்கள் ஊருக்கு வடக்கே இருக்கும் மேய்க்கால் புறம்போக்கில் நகரத்தின் குப்பைக் கிடங்கு வரப்போகிறது என்று எந்த அதிகாரியும் எங்களிடம் வந்து சொல்லவில்லை. ஒரு காலையில் நிலத்தை அளந்து கல் நட்டுக்கொண்டிருந்தவர்களிடம், ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பாட்டி ஒருவர் "எதுக்கு சாமி அளக்கறீங்க?" என்று கேட்டார். அவருக்குக் கிடைத்த பதில்தான் அன்று மாலைக்குள் ஊர் முழுவதும் பரவியது. மூன்று தலைமுறையாக அந்த மேட்டில் ஆடுமாடு ஓட்டும் குடும்பங்களுக்கு அரசு கொடுத்த முன்னறிவிப்பு அவ்வளவுதான்.

அதன்பிறகு எங்களை அழைத்துப் பேசிய ஒவ்வொருவரும் ஒரே வாக்கியத்தைத்தான் சொன்னார்கள்: "அது புறம்போக்குதானே?" இந்தச் சொல்லைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு இரத்தம் கொதிக்கிறது. வருவாய்ப் பதிவேட்டில் புறம்போக்கு என்றால் தீர்வை விதிக்கப்படாத நிலம் என்று பொருள். யாருக்கும் வேண்டாத நிலம் என்று எந்தப் பதிவேட்டிலும் எழுதப்படவில்லை. ஏரி, வாய்க்கால், வண்டிப்பாதை, களம், சுடுகாடு என ஓர் ஊர் ஊராக வாழ்வதற்குத் தேவையான அனைத்தும் அந்தத் தலைப்பின் கீழ்தான் வருகின்றன. இத்தகைய பொது நிலங்களை ஆக்கிரமிப்பிலிருந்து மீட்டு ஊர் மக்களின் பொதுப் பயன்பாட்டுக்கே திருப்பித் தர வேண்டும் என்று 2011 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டது. தனியொருவர் அங்கே வேலி போட்டால் ஆக்கிரமிப்பு. நகரமே வந்து குப்பையைக் கொட்டினால் அது மட்டும் வளர்ச்சித் திட்டமா?

அந்த மேட்டில் விழும் மழைநீர்தான் சரிந்து ஓடி எங்கள் ஏரியை நிரப்புகிறது. ஏரி நிரம்பினால்தான் கீழே உள்ள கிணறுகளில் நீர் ஊறுகிறது. இதை அமைதிப் பேச்சுவார்த்தை என்ற பெயரில் நடந்த கூட்டத்தில் எங்கள் பெண்கள் எழுந்து விளக்கியபோது, நவீனத் தொழில்நுட்பம் வருகிறது, துர்நாற்றமே இருக்காது, உங்களை யாரோ தூண்டிவிடுகிறார்கள் என்று பதில் வந்தது. ஏரிக்கு நீர் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொள்ள எங்களுக்கு யாருடைய தூண்டுதலும் வேண்டியதில்லை.

சொல்வதை நம்பிவிடக் கூடாது, நேரில் பார்த்துவிடுவோம் என்று வேன் பிடித்து, இதேபோல் வாக்குறுதி கொடுக்கப்பட்ட வேறொரு ஊருக்குப் போய்வந்தோம். ஊருக்குள் நுழையும் முன்பே வண்டியின் கண்ணாடிகளை ஏற்றிவிட்டோம். மட்கும் குப்பையும் மட்காத குப்பையும் ஒன்றாய்க் கிடந்து அழுகி, அதிலிருந்து கசிந்த கருநீர் மண்ணுக்குள் இறங்கியிருந்தது. கிணற்றில் இறைத்த நீர் பழுப்பு நிறத்தில் இருந்தது. குடிநீரை லாரியில் வாங்குகிறார்கள். சாப்பாட்டுத் தட்டில் ஈ மொய்க்காமல் இருக்க, வீட்டுக்குள்ளேயே கொசுவலைக்குள் உட்கார்ந்து குழந்தைகளுக்குச் சோறு ஊட்டிய தாயை நான் பார்த்தேன். அந்த ஊருக்குப் பெண் கொடுக்கத் தயங்குகிறார்கள் என்பதை ஒரு பெரியவர் எங்களைத் தனியே அழைத்துப்போய்த் தாழ்ந்த குரலில் சொன்னார். அங்கே பதாகையில் எழுதியிருந்த பெயரோ குப்பைச் செயலாக்க நிலையம்.

"எங்கேயாவது கொட்டித்தானே ஆக வேண்டும்?" என்று கேட்பவர்களுக்குக் கொஞ்சமாவது மனசாட்சி வேண்டும். வீட்டிலேயே குப்பையை மூன்றாகப் பிரிக்க வேண்டும், எதற்கும் உதவாத மிச்சம் மட்டுமே நிலத்தில் புதைக்கப்பட வேண்டும், புதைக்கும் இடம் குடியிருப்புக்கும் குளத்துக்கும் குடிநீர்க் கிணற்றுக்கும் 200 மீட்டருக்கு அப்பால் இருக்க வேண்டும் என்று 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் எழுதிவைத்தன. நகரத்துக் குப்பையில் ஏறத்தாழப் பாதி, சமையலறையில் மிஞ்சும் காய்கறித் தோலும் சோறும்தான். அதை அந்தந்தத் தெருவிலேயே உரமாக்கிவிட்டால் எங்கள் ஊருக்கு வர வேண்டிய லாரிகளில் பாதிக்கு வேலையே இருக்காது. ஒரு வாளிக்குப் பதில் மூன்று வாளி வைக்கச் சிரமப்படும் நகரம், தன் சிரமத்தை முப்பது கிலோமீட்டர் தள்ளிவந்து எங்கள் தலையில் கொட்டப் பார்க்கிறது.

முடியாத காரியம் என்று சொல்லாதீர்கள். கேரளத்தின் ஆலப்புழை நகரக் குப்பை முழுவதும் பல ஆண்டுகளாகச் சர்வோதயபுரம் என்ற சிற்றூரில்தான் கொட்டப்பட்டுவந்தது. அவ்வூர் மக்கள் லாரிகளை மறித்த பிறகு, 2012 முதல் அந்த நகரம் வீடுகளில் சமையலறைக் கழிவிலிருந்து எரிவாயு எடுக்கும் சிறு கலன்களையும், தெருக்களில் உரத் தொட்டிகளையும் அமைத்துத் தன் குப்பையைத் தானே பார்த்துக்கொள்ளத் தொடங்கியது. 2017இல் ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் அமைப்பு அதை முன்மாதிரி நகரங்களுள் ஒன்றாகக் குறிப்பிட்டது. மறித்திருக்காவிட்டால் ஒரு தொட்டிகூட வந்திருக்காது என்றே நான் நம்புகிறேன்.

அதே கேரளத்தில், பிரம்மபுரத்துக் குப்பைமேட்டில் 2023 மார்ச் 2 அன்று பற்றிய தீ பத்து நாட்களுக்கு மேல் புகைந்து, கொச்சி நகரத்தையே மூச்சுத் திணறவைத்தது. கொழும்பின் மீதொட்டமுல்லையில் 2017 ஏப்ரல் 14 அன்று, புத்தாண்டு நாளில், குப்பைமலை சரிந்து வீடுகளை மூடி முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களும் ஆண்டுக்கணக்கில் எதிர்ப்புத் தெரிவித்தவர்கள்தான். உயிர் போன பிறகு வழங்கப்படும் நிவாரணத் தொகையைவிட, உயிரோடு இருக்கும்போது ஒரு முறை காது கொடுத்துக் கேட்பதற்கு ஆகும் செலவு மிகவும் குறைவு.

கிராம சபையில் ஒருமனதாகத் தீர்மானம் போட்டு அனுப்பியிருக்கிறோம். இந்த இடத்தைத் தேர்ந்தெடுக்கும் முன் மழைநீர் ஓடும் திசையை யார் ஆய்வு செய்தார்கள், அந்த ஆய்வறிக்கை எங்கே என்ற கேள்வியையும் எழுத்தில் கொடுத்திருக்கிறோம். நட்ட கற்களில் ஒன்றைக்கூட நாங்கள் பிடுங்கவில்லை. எழுத்தில் பதில் வரும்வரை, வேலைக்குப் போனவர்கள் திரும்பியதும் வீட்டுக்கு ஒருவர் என்று முறைபோட்டு, மேட்டுக்குப் போகும் வண்டிப்பாதையில் இரவும் உட்கார்ந்திருக்கிறோம்.