ஒரு வாளித் தண்ணி 20 ரூபாய்

மாட்டுச் சந்தையில் சுங்கச் சீட்டை மட்டும் ஒழுங்காகக் கிழிக்கிறார்கள், அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ராத்திரி 2 மணிக்கு வண்டி போய் நின்றாலும் டார்ச் அடித்து, மாட்டை எண்ணி, காசை வாங்கிக்கொண்டுதான் உள்ளே விடுவார்கள். உள்ளே? வேப்பமரம் மூன்று. மூன்றின் அடியிலும் வியாபாரிகள் கட்டில் போட்டுப் படுத்திருக்கிறார்கள். மாடுகள் வெயிலில்.

நேற்று எங்கள் செவலையை டாடா ஏஸில் ஏற்றிப் போயிருந்தேன். 11 மணிக்கெல்லாம் மூச்சு வாங்க ஆரம்பித்துவிட்டது. கறவை மாடு, இந்த வெயிலுக்கு ஒரு நாளைக்கு 60 லிட்டராவது குடிக்கும். தண்ணீர்த் தொட்டியைத் தேடினேன்.

தொட்டி இருந்தது. திறப்பு விழா தேதி பொறித்த கல்லும் இருந்தது. உள்ளே தேங்காய் நார், பீடித் துண்டு, உடைந்த பாட்டில். குழாய்க்குத் திருகு இல்லை. கேட்டில் சீட்டுக் கிழித்தவரிடம் போனேன்.

"ஏனுங்கண்ணா, தண்ணி எங்கீங்க?"

"மோட்டார் ரூம் சாவி குத்தகைக்காரர்கிட்டங்க."

"அவரு?"

"சாப்பிடப் போயிருக்காருங்க."

முக்கால் மணி நேரம் நின்றேன். மனுஷன் பல் குத்திக்கொண்டே வந்தார். சாவியா? மோட்டார் காயில் எரிந்து ஆறு மாசம் ஆகிறதாம். "அப்புறம் சாவி எதுக்குங்க வெச்சிருக்கீங்க?" என்றேன். "ரூமுக்குள்ள மோட்டார் இருக்குதுல்லீங்க, யாராச்சும் தூக்கிட்டுப் போயிட்டா?" என்கிறார்.

சரி என்று டீக்கடைக்குப் போனேன். தண்ணீர் வாளிக்கு 20 ரூபாய். வாளியோடு ஓடிவிடுவேன் என்று 100 ரூபாய் முன்பணம். தளும்பத் தளும்பத் தூக்கிக்கொண்டு வந்து வைத்தால், செவலை முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. பிளீச்சிங் பவுடர் வாடை! சுத்தம் பார்க்க அந்தச் சந்தையில் ஒருத்தியாவது இருந்தாள்.

பக்கத்தில் நின்ற ஒரு சிந்து மாட்டை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். மடி பெரிதாகத் தெரிய வேண்டுமென்று முந்தின நாளிலிருந்தே கறக்கவில்லை. காம்பில் தானாகச் சொட்டுகிறது. கன்று குடித்துவிடக் கூடாதென்று அதன் வாயில் கூடை.

இதற்கெல்லாம் சட்டம் இல்லையா என்று கேட்காதீர்கள், 1960லிருந்தே இருக்கிறது. மாட்டுக்குப் போதுமான தீனி, தண்ணீர், நிழல் தராவிட்டால் உரிமையாளர் குற்றவாளி. உரிமையாளர் என்றால் நான். முதல் தடவைக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. வாளித் தண்ணி 20 என்றால் கணக்குப் போட்டுப் பாருங்கள், காயவிடுவதுதான் லாபம்!

2017ல் மத்திய அரசு ஒரு விதி கொண்டுவந்தது. சந்தையில் தண்ணீர்த் தொட்டி வேண்டும், நோய் மாட்டுக்குத் தனி இடம் வேண்டும், ஏற்றி இறக்கச் சாய்தளம் வேண்டும் என்றெல்லாம் அதில் இருந்தது. கூடவே இறைச்சிக்கு விற்கக் கூடாது என்றும் சேர்த்துவிட்டார்கள். நாடே கொதித்தது, உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தடை போட்டது, உச்ச நீதிமன்றம் அதை நாடு முழுக்க நீட்டியது. கொதித்ததில் நியாயம் உண்டு, நானும்தான் கத்தினேன். ஆனால் அந்தத் தொட்டியைப் பற்றி அப்புறம் ஒருத்தராவது பேசினோமா?

மச்சான் பைக்கில் வந்திருந்தான். பைக் ஸ்டாண்டுக்குத் தகரக் கொட்டகை, டோக்கன், காவலுக்கு ஆள். "நிழல்ல நிறுத்துங்க, சீட் சுட்டுரும்" என்று அக்கறை வேறு.

கடைசியில் செவலை என்ன செய்தாள் தெரியுமா? டீக்கடையில் டம்ளர் கழுவுகிற வாளிக்குள் தலையை விட்டு ஒரே மூச்சில் காலி செய்துவிட்டாள். அதற்கும் 10 ரூபாய். "டீத்தண்ணி கலந்திருக்குதுங்க" என்கிறார் கடைக்காரர். சண்டை போட வாயைத் திறந்தவன், சிரித்துவிட்டேன்.

விலையும் படியவில்லை, ஓட்டிக்கொண்டு வந்துவிட்டேன். அங்கே நான் குடித்த டீயில் சர்க்கரையும் இல்லை. 15 ரூபாய்!